நான்கு நிமிடமும் ஒரு மலைச்சரிவும்

1874 செப்டம்பர் 26 அன்று, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மோர் சுடுதளத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம் என மூன்று தொலைவுகள். அயர்லாந்துக்காரர்கள் நெடுந்தொலைவுச் சுடுதலில் அன்று பெரும் பேர் எடுத்திருந்தவர்கள். குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் ரிக்பி துப்பாக்கிகள் அவர்களிடம் இருந்தன. அமெரிக்கர்களிடம் பின்பக்கமாகத் தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகள். முடிவு 934-க்கு 931. மூன்றே புள்ளியில் அமெரிக்கா வென்றது. பழைய துப்பாக்கியைப் புதிய துப்பாக்கி வென்ற நாள் என்று இதை எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் புள்ளிக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. அயர்லாந்து அணியின் மில்னர் சுட்ட குண்டு ஒன்று நடுவட்டத்தில் கச்சிதமாகப் போய்ப் பதிந்தது. நடுவட்டத்துக்கு அன்று 4 புள்ளி. அவர் சுட்டதோ பக்கத்துக் குறியை, அதனால் கிடைத்தது பூஜ்யம். துப்பாக்கி, மருந்து, கை, கண் எதிலும் பழுதில்லை. எதைச் சுட வேண்டும் என்பதில்தான் பிழை.

களப் போட்டி எனப்படும் இன்றைய ரைபிள் போட்டிகளுக்குத் தயாராகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குள் புதிதாக நுழைகிறவரின் கவலை பெரும்பாலும் பொருட்களைப் பற்றியே இருக்கும். எந்தக் குழல், எந்த ஸ்கோப், எந்தத் தோட்டா என்று விசாரித்து வாங்குவதிலேயே பாதிக் காலம் போய்விடும். மீதிக் காலத்தில் சிமெண்ட் தளத்தில் வசதியாகப் படுத்துக்கொண்டு, 100 கெஜத்தில் இருக்கும் காகிதத்தில் ஐந்து ஓட்டைகளை எவ்வளவு நெருக்கமாகப் போட முடியும் என்று பார்ப்பார். பிறகு போட்டிக்குப் போவார். முதல் நாள் காலையிலேயே, காகிதத்தில் அத்தனை அழகாகச் சுட்ட துப்பாக்கியோடு, எங்கே சுடுவதென்று தெரியாமல் நிற்பார். களப் போட்டியில் புள்ளிகள் பெரும்பாலும் விசையில் விரல் படுவதற்கு முன்பே பறிபோகின்றன. அப்படியானால் பயிற்சியின் பெரும்பங்கும் விரல் படுவதற்கு முந்தைய வேலைக்குத்தான் போக வேண்டும். சொல்லும்போது இது எளிதாகத் தோன்றும். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் பணத்தையும் நேரத்தையும் தோட்டாவையும் செலவிடும் முறையே தலைகீழாக மாற வேண்டியிருக்கிறது.

நமக்குப் பழக்கமான துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக் வகை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். 2024-இல் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கும் துல்லியம். ஆனால் அங்கே தொலைவு மாறாது, குறி நகராது. வீரர் எப்படி நிற்க வேண்டும், எப்படி மண்டியிட வேண்டும் என்பது விதியிலேயே எழுதியிருக்கிறது. தெரியாதவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு மனிதனின் நிதானத்தை மட்டும் அளக்கிற போட்டி அது. களப் போட்டி நேர் எதிர். விலக்கி வைத்த அத்தனையையும் அது மறுபடி உள்ளே கொண்டுவருகிறது.

இவ்வகையில் நல்ல எடுத்துக்காட்டு என்.ஆர்.எல். ஹன்டர் என்ற அமெரிக்கத் தொடர். வேட்டைக்காரர் காட்டில் எதிர்கொள்வதைப் போட்டியாக மாற்றினால் எப்படி இருக்கும் என்று யோசித்து வகுத்த விதிகள் அதனுடையவை. போட்டியாளர் தன் முறை வரும்வரை அந்த இடத்தைப் பார்க்க முடியாது. முன்னால் சுட்டவர்கள் அவருக்குத் துப்புக் கொடுக்கவும் கூடாது. பை, பைனாகுலர், ட்ரைபாட், துப்பாக்கி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்து நிற்கிறார். இத்தனை குறிகள், இத்தனை இடங்களிலிருந்து சுட வேண்டும், இந்தத் திசைக்குள் இருக்கின்றன என்ற அளவுக்கு மட்டும் சொல்லப்படும். கடிகாரம் ஓடத் தொடங்கினால் நான்கு நிமிடம். அதற்குள் குறியைத் தேட வேண்டும், தொலைவை அளக்க வேண்டும், காற்றைக் கணிக்க வேண்டும், பாறையோ கட்டையோ கிடைத்ததில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட வேண்டும். முதல் குண்டிலேயே பட்டால் 2 புள்ளி. தவறினால் அதே குறிக்கு இன்னொரு குண்டு உண்டு, அது பட்டால் 1 புள்ளி. நான்கு குறிகளை ஒரே இடத்திலிருந்து சுடுவதாக இருந்தாலும், ஒரே குறியை நான்கு இடங்களிலிருந்து சுடுவதாக இருந்தாலும் உச்சம் 8 புள்ளி. துப்பாக்கிக்கு எடை வரம்பும் உண்டு: கனப் பிரிவில் 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ, இலகுப் பிரிவில் 12 பவுண்டு. குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கினால் 3,80,000-க்குக் குறையக் கூடாது என்று இன்னொரு விதி. உதைப்பே தெரியாத சின்னத் தோட்டாவும் பத்துக் கிலோ துப்பாக்கியுமாக வந்து நிற்பதை இந்த இரண்டு விதிகளும் தடுக்கின்றன. தடுப்புகளில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் மற்ற துல்லியப் போட்டிகளில் அப்படிப்பட்ட துப்பாக்கிகளைத்தான் நிறையப் பார்க்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். பழைய சுடுதளத்தின் பெயரையே தாங்கியிருக்கும் 6.5 கிரீட்மோர் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம். 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம் எடையுள்ள குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 830 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 600 மீட்டர் தொலைவில் 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஓர் இரும்புத் தகடு. குண்டு அங்கே போய்ச் சேர முக்கால் நொடிக்கு மேல் ஆகும், அதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து மூன்று மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கும். இந்தத் தாழ்வு யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை. புவியீர்ப்பு எந்நாளும் ஒரே அளவு என்பதால் பட்டியலைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகிவிடலாம். சிக்கல் மற்றவற்றில். துப்பாக்கி ஒரு நிமிடக் கோண (நேரமல்ல, பாகையின் உட்பிரிவு) வட்டத்துக்குள் சுடக்கூடியது என்றால், 600 மீட்டரில் குண்டுகள் நடுவிலிருந்து 9 சென்டிமீட்டர்வரை சிதறும். இரு மடங்கு செலவழித்து அரை நிமிடத் துப்பாக்கி வாங்கினால் சிதறல் நாலரை சென்டிமீட்டராகக் குறையும். லாபம் நாலரை சென்டிமீட்டர். தோட்டாவுக்குத் தோட்டா வேகம் நொடிக்கு 3 மீட்டர் மாறினால் குண்டு மேலும் கீழும் இரண்டரை சென்டிமீட்டர் நகரும். இந்த வேக வித்தியாசத்தைக் குறைக்கத்தான் வீட்டில் தோட்டா தயாரிப்பவர்கள் மருந்தை ஒரு துகள் கூடாமல் குறையாமல் நிறுத்துக்கொண்டு இரவுகளைக் கழிக்கிறார்கள். இப்போது காற்று. பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அதே குண்டு 70 சென்டிமீட்டர் அளவுக்கு ஒதுங்கும். அந்த வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் மட்டும் தப்பாகக் கணித்தாலே பிழை 13 சென்டிமீட்டர். தகட்டின் நடுவிலிருந்து விளிம்புக்கு இருப்பதோ 15. தொலைவை 10 மீட்டர் தப்பாக அளந்தால் இன்னும் ஏழெட்டு சென்டிமீட்டர் போகும். கல்லில் முழங்காலை ஊன்றிக்கொண்டு சுடும்போது குறுக்குக் கோடு ஆடுகிற ஆட்டத்தை இன்னும் சேர்க்கவேயில்லை.

அமெரிக்கக் குண்டியல் அறிஞர் பிரையன் லிட்ஸ், இந்தப் பிழைகளைத் தனித்தனியே பிரித்துக் கணினியில் திரும்பத் திரும்பச் சுட்டுப் பார்த்து, ஒவ்வொன்றும் வெற்றி வாய்ப்பை எவ்வளவு குறைக்கிறது என்று தன் நூலில் அலசியிருக்கிறார். அதிலும் கிடைப்பது இதே பாடம்: தொலைவு ஏற ஏறக் காற்றின் பங்கு மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஒரு நிமிடத் துப்பாக்கியை அரை நிமிடத் துப்பாக்கியாக்கினால் வரும் முன்னேற்றம், காற்றைக் கணிப்பதில் கொஞ்சம் தேறினால் வரும் முன்னேற்றத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

துப்பாக்கியே சரியில்லாவிட்டால் காற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தவறியது காற்றாலா குழலாலா என்று தெரியாதபோது எதையும் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே ஒரு தளம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஒரு நிமிடக் கோணத்துக்குள் தொடர்ந்து சுடும் துப்பாக்கி, திருகிய அளவுக்கு நகர்ந்து அதே இடத்துக்குத் திரும்பி வரும் ஸ்கோப், 100 கெஜத்தில் சரிபார்த்த பூஜ்ய நிலை, வேகமானியில் அளந்த குண்டு வேகம், அந்த வேகத்தை வைத்துப் போட்ட பட்டியல் தூரத்து இரும்பில் பொய்க்கவில்லை என்று சுட்டுப் பார்த்த உறுதி. இவை இருந்தால் போதும். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண வேட்டைத் துப்பாக்கிகளில் பல இந்தத் தளத்தை எட்டுகின்றன. தளத்தை எட்டிய பிறகும் அங்கேயே குடியிருப்பதில்தான் எனக்கு மறுப்பு. கிரீட்மோர் தோட்டாவுக்கு ஒரு குழலின் ஆயுள் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் குண்டு என்பார்கள். அதில் பாதியைக் காகித ஓட்டைகளின் நெருக்கம் பார்ப்பதில் கரைத்தவர், களத்துக்கான பயிற்சியைத் தேய்ந்த குழலில் தொடங்குகிறார்.

அடுத்த கேள்வி கருவிகளைப் பற்றியது. தொலைவை லேசர் சொல்கிறது, பைனாகுலருக்குள்ளேயே கணினி இருக்கிறது, கைக்கு அடக்கமான காற்றுமானி இருக்கிறது, மனிதக் கணிப்புக்கு இனி என்ன வேலை? கருவிகள் உதவுகின்றன, சந்தேகமில்லை. ஆனால் அவை எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும். காற்றுமானி கையில் பிடித்திருக்கும் இடத்துக் காற்றை அளக்கிறது. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால் குண்டு தரையிலிருந்து வெகு உயரத்தில் பறக்கும், அங்கே காற்று வேறு. குறியிருக்கும் சரிவில் அது திரும்பி எதிர்த் திசையில்கூட வீசலாம். அதைச் சொல்வது புல்லும் தூசியும் ஸ்கோப்பில் தெரியும் கானலும்தான். கானல் நேராக மேலே கொதித்தால் பக்கக் காற்று இல்லை என்று பொருள். சாய்ந்து ஓடினால் காற்று உண்டு. தட்டையாகவே ஓடினால் வேகமான காற்று. லேசருக்கும் ஒரு பலவீனம் உண்டு. குறி சிறியதாக இருந்தால் கதிர் முன்னாலிருக்கும் புதரிலோ பின்னாலிருக்கும் மேட்டிலோ பட்டுத் திரும்பும். கருவி தயங்காமல் ஓர் எண்ணைக் காட்டும், அது யாருடைய எண் என்று காட்டாது. பழகியவர்கள் குறியையும் அதன் காலடியையும் பின்னணியையும் மாற்றி மாற்றி மூன்று முறை அளக்கிறார்கள். மூன்று எண்களும் நிலத்தின் அமைப்போடு பொருந்தினால்தான் நம்புகிறார்கள். காற்றுக் கணக்கையும் மண்டைக்குள் போடுமளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். இந்தத் தோட்டாவுக்கு மணிக்கு ஐந்தாறு மைல் பக்கக் காற்று என்றால் ஒவ்வொரு நூறு கெஜத்துக்கும் ஸ்கோப்பில் 0.1 மில் (ஸ்கோப்பின் கோண அளவு) பிடித்தால் ஏறக்குறைய சரியாக வரும்: 400 கெஜத்துக்கு 0.4, 600-க்கு 0.6. காற்று இரட்டிப்பானால் அதையும் இரட்டிப்பாக்க வேண்டியதுதான். சாய்வாக வரும் காற்றில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். 45 பாகையில் வந்தால் பாதிதானே என்று மனம் சொல்லும். உண்மையில் அது முழுக் காற்றில் 70 விழுக்காடு. பாதியாவது 30 பாகையில்தான்.

தேடுதலுக்கு வருகிறேன். இந்தப் போட்டிகளில் எல்லாருக்கும் சமமாகக் கொடுக்கப்பட்டு, எல்லாரும் மிகக் குறைவாகப் பயிற்சி செய்யும் வேலை இது. தகடுகளின் பெயிண்ட் வெயிலில் மங்கி, குண்டு பட்ட ஈயச் சாம்பலோடு நிலத்தின் நிறத்துக்கே வந்துவிடும். ஜூனிபர் மர நிழலில் ஒன்று தொங்கும். இன்னொன்று பக்கத்திலேயே, இடையில் ஒரு மடிப்பு இருப்பதால் கண்ணில் படாமல் நிற்கும். பதற்றத்தில் பைனாகுலரை அங்குமிங்கும் வீசிப் பார்ப்பவருக்கு அது அகப்படவே அகப்படாது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறவர் செய்வது போல ஓர் ஓரத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் வழி. சரிவை அருகு, நடு, தொலைவு என்று மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பைனாகுலரை ட்ரைபாடில் பூட்டிவிட வேண்டும். கையில் பிடித்தால் பத்து மடங்கு உருப்பெருக்கத்தில் தன் இதயத் துடிப்பையே பார்த்துக்கொண்டிருக்க நேரிடும். ஒவ்வொரு காட்சியிலும் ஓரிரு நொடி நிறுத்தி, அடுத்த காட்சிக்குக் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி நகர்த்த வேண்டும். நேர்கோடு, வட்டம், இரும்புக் கம்பத்தின் செங்குத்து என்று இயற்கை அதிகம் வரையாதவற்றைக் கண் தேட வேண்டும். வலமிருந்து இடமாகத் தேடச் சொல்வார்கள் அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள். நாம் படிப்பது இடமிருந்து வலம் என்பதால் அந்தத் திசையில் கண் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், எதிர்த் திசையில் தடுக்கித் தடுக்கிப் போகும் என்பது அவர்கள் கணக்கு. இதற்கெல்லாம் ஒரு தோட்டாவும் செலவில்லை. வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் நண்பர் ஒருவர் நான்கு அட்டைத் துண்டுகளை ஒளித்து வைத்தால் போதும். அப்படியிருந்தும் சனிக்கிழமைகளில் சுடுதளம் நிரம்பி வழிகிறது, குன்று காலியாகக் கிடக்கிறது!

கண்டுபிடித்ததும் அடையாளம். பைனாகுலரில் பார்த்த குறியை ஸ்கோப்பில் மறுபடி பிடிப்பதற்குள் நிறையப் பேர் தொலைத்துவிடுகிறார்கள், அல்லது மில்னரைப் போல வேறொன்றைச் சுடுகிறார்கள். வெறும் கண்ணுக்கும் தெரியும் ஒரு பட்ட மரத்தையோ வெள்ளைப் பாறையையோ அடையாளமாக வைத்து, அதிலிருந்து வலப்பக்கம் இத்தனை மில், கீழே இத்தனை மில் என்று மனதில் பதித்துக்கொள்வது பாதுகாப்பு. தொலைவையும் திருக வேண்டிய அளவையும் மணிக்கட்டில் கட்டிய அட்டையில் சுடும் வரிசையில் எழுதிவிட வேண்டும். மூன்றாவது குறிக்குப் போகும்போது முதல் குறியின் எண்ணில் ஸ்கோப் நிற்பது இந்த விளையாட்டில் மிகச் சாதாரணமான தோல்வி. 240 நொடியில் தேடவும் அளக்கவும் எழுதவும் 120 போனாலும் பரவாயில்லை என்பேன். எட்டுக் குண்டுகளையும் சுட மீதி 120 தாராளம். தலைகீழாகச் செய்கிறவர்கள் முதல் குறி தெரிந்ததும் படுத்துச் சுட்டு, எழுந்து, அடுத்ததைத் தேடி, மறுபடி படுத்து, இரண்டு குறியோடு நேரத்தை முடிக்கிறார்கள். மூன்று குறிகளை முதல் குண்டிலேயே அடித்து நான்காவதைக் கைவிட்டவருக்கு 6 புள்ளி. நான்கையும் அவசர அவசரமாகச் சுட்டு எல்லாவற்றையும் இரண்டாவது குண்டில் அடித்தவருக்கு 4.

சுடும் நிலைக்கும் இதே நியாயம் பொருந்தும். படுத்துச் சுடுவது எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அரை முழம் உயரமுள்ள புல் போதும், படுத்தவர் கண்ணுக்குக் குறி தெரியாமல் போக. உட்கார்ந்து, மண்டியிட்டு, பாறைமேல் மணற்பை வைத்து, ட்ரைபாடில் ஏற்றி என்று ஏழெட்டு நிலைகளை உடம்பு யோசிக்காமல் எடுக்க வேண்டும். பையிலிருந்து ட்ரைபாடை எடுத்து, கால்களை நீட்டி, துப்பாக்கியைப் பூட்டி, குறியை ஸ்கோப்பில் கொண்டுவர 20 நொடிக்கு மேல் ஆகிறதென்றால் அதுதான் அடுத்த வாரப் பயிற்சி. இதைத் தோட்டா இல்லாமல், காலித் துப்பாக்கியோடு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் பூட்டிவைத்துவிட்டு வீட்டிலேயே செய்யலாம். விசையை அழுத்தும் நொடியில் குறுக்குக் கோடு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பதை உதைப்பில்லாத காலித் துப்பாக்கிதான் ஒளிக்காமல் காட்டும். இன்னொரு கெட்ட பழக்கம், ஸ்கோப்பை அதன் உச்ச உருப்பெருக்கத்துக்குத் திருகி வைப்பது. 25 மடங்கில் தகடு பெரிதாகத் தெரியும், சுற்றியுள்ள நிலம் மறைந்துவிடும். உதைப்பில் துப்பாக்கி நகர்ந்தால் குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாது. 12 முதல் 15 மடங்கில் வைத்திருப்பவர் மண் தெறிப்பதைப் பார்த்து இரண்டாவது குண்டைத் திருத்துகிறார். 600 மீட்டரில் இரும்பின் ஓசை திரும்பி வர, சுட்டதிலிருந்து இரண்டரை நொடிக்கு மேல் ஆகும். அதற்காகக் காத்திருந்துவிட்டு அப்புறம் யோசிக்கத் தொடங்கினால் காற்று மாறியிருக்கும்.

முன்கூட்டியே தெரியாத இடத்துக்கு எப்படித் தயாராவது, அதிர்ஷ்டம்தானே முடிவு செய்கிறது என்பவர்களும் உண்டு. காலையில் சுட்டவருக்குக் காற்றே இல்லை, மாலையில் சுட்டவருக்குப் புயல் என்ற புகார் எல்லாப் போட்டிகளிலும் கேட்பதுதான், அதில் உண்மையும் உண்டு. ஒரு சுற்றில் அதிர்ஷ்டம் முடிவு செய்யலாம். ஆனால் இரண்டு நாளில் பல சுற்றுகளைக் கூட்டிப் பார்க்கிறார்கள், தரவரிசையின் மேல்பகுதியில் பெரும்பாலும் அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இடம் தெரியாவிட்டாலும் செய்யும் வேலையின் வரிசை மாறுவதில்லை. தேடு, அடையாளம் பிடி, அள, எழுது, காற்றைப் பார், நிலையை அமை, சுடு. இந்த வரிசை பழகியவருக்குப் புது இடத்தில் புதிதாக இருப்பது நிலம் ஒன்றுதான். பழகாதவருக்கு எல்லாமே புதிது.

இன்னொரு மறுப்பு இந்த விளையாட்டின் மீதே வைக்கப்படுவது. பள்ளிக்கூடங்களில் துப்பாக்கிச் சூடு நடக்கும் நாட்டில், ஒளிந்திருப்பதைத் தேடித் தொலைவிலிருந்து சுடுவதை வார இறுதிப் பொழுதுபோக்காக்குவது தேவையா? 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் குற்றமாக்கியிருக்கும் நாட்டிலிருந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகவே தோன்றும். இதன் வேர்களில் ராணுவக் குறிசூடும் கலந்திருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் வேட்டை சட்டப்படி நடக்கும் ஊர்களில் ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பெருங்கூட்டம் துப்பாக்கியோடு மலையேறத்தான் போகிறது. கேள்வி, அவர்கள் எந்த அளவு தங்களை அறிந்தவர்களாகப் போகிறார்கள் என்பதே. சிமெண்ட் தளத்தில் படுத்து 600 மீட்டரில் அடித்தவர் தன்னை 600 மீட்டர் வேட்டைக்காரர் என்று நம்பிவிடுவார். மூச்சு வாங்கியபடி, கோணலான கல்லில் சாய்ந்து, காற்று தெரியாமல் முதல் குண்டைச் சுட வைக்கும் போட்டி அந்த எண்ணத்தை 300-க்கோ 350-க்கோ இறக்கிவிடுகிறது. காயம்பட்ட விலங்கு புதருக்குள் ஓடிச் சாவதைக் குறைக்க இதைவிடச் சுருக்கமான பாடம் இருப்பதாகத் தெரியவில்லை. பாதுகாப்பு விதியிலும் இவர்கள் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை. நகரும்போது குழலறை காலியாக இல்லாவிட்டாலோ, குழல் வாய் ஆட்கள் பக்கம் திரும்பினாலோ போட்டியிலிருந்தே வெளியேற்றம் நேரலாம். பெட்டி நிறையப் பரிசு வாங்கியவருக்கும் அதே விதிதான்.

கடைசி வாரத்துக்கு அதிக வேலையில்லை, இருக்கவும் கூடாது. புதிதாக எதையும் வாங்குவதும் மாற்றுவதும் அதோடு நிற்க வேண்டும். ஸ்கோப் பிடிகளின் திருகுகளை அளவுச் சாவியால் ஒருமுறை சரிபார்த்து, லேசர் கருவிக்கும் காற்றுமானிக்கும் புது பேட்டரி போட்டு, ஒரே கட்டில் தயாரான தோட்டாக்களை எண்ணி எடுத்துவைத்தால் போதும். கூடவே கணக்குப் பட்டியலின் காகிதப் பிரதி ஒன்று, ஏனென்றால் கைப்பேசி வெயிலில் அணைந்துவிடும். கடல் மட்டத்தில் பயிற்சி எடுத்தவர் வயோமிங், யூட்டா போன்ற மேட்டு நிலங்களுக்குப் போனால் காற்று அங்கே மெலிந்திருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில் அடர்த்தி சுமார் 15 விழுக்காடு குறைவு. பழைய பட்டியலை வைத்துச் சுட்டால் தொலைவான குறிகளில் குண்டு தலைக்கு மேல் போகும். இறங்கிய நாளிலேயே அந்த இடத்து அழுத்தத்தையும் வெப்பத்தையும் கருவியில் ஏற்றி, 100 கெஜத்தில் மூன்று குண்டு சுட்டுப் பூஜ்ய நிலையைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிடலாம். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்வரை பைனாகுலரோடு எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பது, இன்னும் ஐம்பது குண்டு சுடுவதைவிட மறுநாளைக்கு உதவும்.